தூணை இடித்த மேடம்

நிலநடுக்கம் வருகிற ஊரில் அசையாமல் நிற்கும் கட்டடம் கட்ட வேண்டும் என்பது இசைவாணிக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஆசை. நியூசிலாந்தில் வேலையும் கிடைத்துவிட்டது, விசாதான் பாக்கி. அவள் நிஜமாகவே இன்ஜினியராக வேலை பார்த்தாளா, முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாளா என்று விசா ஆபீசிலிருந்து பழைய முதலாளியிடம் போனில் விசாரிப்பார்களாம். அந்த முதலாளி அரிமளம் காண்ட்ராக்டர் ஆண்டியப்பன். விளங்கினாற்போலத்தான்!

எல்லாம் வல்லத்திராக்கோட்டையில் அவர் கட்டிய கல்யாண மண்டபத்தால் வந்தது. இவள் லீவில் இருந்த ஒருநாள் அவசரப்பட்டு நாலு தூணுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். உள்ளே கம்பி கட்டியிருந்த லட்சணத்தை, அதற்கு முன் எடுத்த போட்டோவில் பார்த்தவள், இது கூரையைத் தாங்காது, இடித்தே ஆக வேண்டும் என்றாள். மனுஷன் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இவள் மசியவில்லை. இடித்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. அதுவரை வாய் நிறைய 'ஆத்தா' என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து 'மேடம்' என்றார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம். வேலையை விட்டு நின்ற அன்றைக்கும் "போய்ட்டு வாங்க மேடம்"தான்.

தெரியாத நம்பர் என்றால் அவர் எடுக்க மாட்டார். அதனால் போன் வருகிற நாளில் இசைவாணி அவருடைய ஆபீசுக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கய்யா."

"நடந்ததைத்தாங்க மேடம் சொல்லுவேன்."

போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டார். நல்லவேளை, பேசிய பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இசைவாணி சொந்தமாக ஏதாவது முடிவு எடுத்ததுண்டா என்று அவள் கேட்டதுதான் தாமதம்.

"அதை ஏங்க கேக்குறீங்க! முழுசா நின்ன நாலு தூணை இடிக்க வச்சுச்சுங்க. மொதலாளி நான் சொல்றேன், காதுலயே வாங்கலை. இங்கிட்டு வெடிக்கும், அங்கிட்டுச் சாயும்னு படம் போட்டு எனக்கே பாடம் நடத்துச்சு. ஊருக்குள்ள தலைகாட்ட முடியலைங்க!"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இசைவாணி.

"அவங்க சொன்னது சரியா இருந்துச்சா சார்?"

ஆண்டியப்பன் இவள் பக்கம் திரும்பாமல் மின்விசிறியைப் பார்த்தார். "சரிதாங்க. அது சரியா இருந்ததுதான் எனக்குக் கோவமே."

அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். "நன்றி சார். இதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு கூப்பிட்டோம்."

போனை வைத்தவர், "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?" என்று முனகினார். இசைவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த மாதமே விசா வந்தது. இனிப்போடு ஆண்டியப்பன் முன்னால் போய் நின்றாள். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "என்னைக்குப் பிளைட்டு?" என்றார்.

"வெள்ளிக்கெழமைங்கய்யா."

"திருமயம் சைட்டுல தூணுக்குக் கம்பி கட்டி வச்சிருக்கு. நீ பாக்காம கான்கிரீட்டுப் போட மனசு வரலை. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ, ஆத்தா."

எத்தனை நாளாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "சரியில்லைன்னா பிரிக்கச் சொல்லுவேன்யா" என்றாள்.

"அதுக்குத்தானே கூப்புடுறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தார் ஆண்டியப்பன்.