வெள்ளம் பார்க்க வந்தவர்கள்

மன்னார்த் தீவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தயவுசெய்து பேனாவைக் கையில் எடுத்துக்கொள்ளவும். பள்ளிமுனை சிலுவையடி ஒழுங்கை அபிவிருத்திச் சங்கத் தலைவர் கொலின்ஸ், ஞாயிறு பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போகப் பார்த்த நேரத்தில், ஒரு கதிரைமேல் ஏறி நின்று உலகத்துக்குச் செய்தி சொன்னார். நகரத்தின் வெள்ள வடிகால் திட்டத்துக்கு, அதாவது அத்திட்டத்தின் ஆரம்பகட்டத் திட்டமிடலுக்கு, அரசாங்கம் நிதி ஒதுக்கிவிட்டது! வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது! எங்கெங்கே வெள்ளம் நிற்கிறது என்று கண்ணால் கண்டு, வரைபடத்தில் சிவப்புக் கோடு போடப்போகிறது!

பேசி முடித்துக் கீழே பார்த்தார். கழற்றிவிட்ட செருப்பில் ஒன்று, ஒழுங்கைப் பாதையில் நின்ற தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தில் மனதாரக் கை தட்டியவள் அன்ரோனெற் ஒருத்திதான். கார்த்திகை மழை இறங்கினால் அவளுடைய வீட்டுக் கக்கூஸ் வேலைநிறுத்தம் செய்யும். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் காணும் ஊர். மழைக்கு அந்தத் தண்ணீர் மேலே வந்து குழியை நிரப்பிவிடும். ஊற்றுகிறதெல்லாம் ஊற்றியவரைத் தேடித் திரும்பி வரும். பிறகென்ன, புருசன் சிங்கராசாவையும் பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, தோட்டவெளியில் இருக்கிற அக்கா திரேசம்மா வீட்டில் போய்க் கிடக்க வேண்டும். திரேசம்மா மேட்டுக் காணிக்காரி. வாசல் படலையடியிலேயே தொடங்கிவிடுவாள்.

"வாங்கோ, வாங்கோ. மழை வந்தாத்தானே உங்களுக்கு அக்கான்ர ஞாபகமும் வரும்."

போன வருசம் அவள் இன்னும் ஒருபடி மேலே போனாள். சிங்கராசாவின் சாப்பாட்டுக் கோப்பைக்கு நேரே சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் போடட்டோ? வேண்டாமோ? அதுவும் சரிதான். உங்கட வீட்டு நிலைமைக்கு யோசிச்சுச் சாப்பிடுறது நல்லது" என்றாள். காற்று எச்சரிக்கை இருந்தும் சிங்கராசா அன்றைக்கே மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டான்.

அக்காவின் படலையை இனி மிதிப்பதில்லை என்று அன்ரோனெற் அப்போதே மாதாவிடம் சொல்லிவைத்தாள். இந்த மழைக்கும் குழி நிரம்பியாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடக் கக்கூஸில், சிங்கராசா கடலில், அவள் கோயில் வளவில் என்று ஒருமாதிரிச் சமாளிக்கிறார்கள்.

"கோடு விழுந்தா கால்வாய் வந்திடும், என்னப்பா?" என்று கேட்டாள்.

"முதல்ல கோடு விழட்டும்" என்றான் சிங்கராசா.

புதன்கிழமை விடிய கொலின்சுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வருகிறவர்கள் கொழும்பு ஆட்கள், சப்பாத்துக்காரர்கள். இந்த முழங்கால் தண்ணீருக்குள் அவர்களை எப்படி வரவேற்பது? மாலை போடுகிறவருக்குக் கால் வழுக்கினால் சங்கத்தின் மானம் என்னாவது?

"திருவிழாவுக்கு மாதா சுரூபம் சுத்தி வரேக்க பாதைக்கு வெள்ளை மணல் பரப்புறமோ இல்லையோ?" என்று சங்கத்தைக் கூட்டிக் கேட்டார். "மாதாவுக்கு ஒரு மரியாதை, அரசாங்கத்துக்கு வேற மரியாதையோ?"

ஒழுங்கை முழுவதும் ஓம் ஓம் என்று தலையாட்டியது. வருகிறவர் யாராக இருந்தாலும் பாதையைச் சோடிக்காமல் விட்ட வழக்கம் அங்கே கிடையாது. எங்கிருந்தோ மூன்று வோட்டர் பம் வந்தன. குழாயைக் கடல்வரை இழுத்துவிட்டு இறைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் தரை தெரிந்தது. அதன்மேல் கடற்கரை மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். எத்தனையோ அரசாங்கங்கள் செய்யாததைச் சங்கம் ஒரு பகலில் செய்து முடித்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் தோரணம் கட்டுகிற வேலை இருந்தது.

அன்ரோனெற் மட்டும் தோரணத்தை விட்டுவிட்டுக் கொலின்சிடம் போனாள்.

"கொலின்ஸ் அண்ணை, வெள்ளம் பாக்க வாற ஆக்களுக்கு வெள்ளத்தையெல்லோ காட்டோணும்?"

"தங்கச்சி, வீட்டுக்கு ஆள் வந்தா கழுவாத சட்டியையோ காட்டுவாய்?"

"சட்டி பாக்கவெண்டே வந்தா காட்டத்தானே வேணும்!"

"உனக்குப் புரோட்டோகோல் விளங்காது. போய்த் தோரணத்தைப் பிடி."

வியாழக்கிழமை வெயில் எறித்தது. குழுவுக்குத் தலைவராக வந்த பொறியியலாளர் ஷிராஸ் அமைதியான இளைஞர். பாண்ட் வாத்தியம் முழங்க, கழுத்தில் மாலையோடு அவரை வெள்ளை மணலில் நடத்திக்கொண்டு வந்தார்கள். கொலின்ஸ் நீளமாகப் பேசினார். பேச்சு முடியுமட்டும் ஷிராஸுக்கு இளநீர் வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிறகு அவர் வரைபடத்தை விரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க தண்ணி நிக்கிறல்ல போல?"

"ஒரு துளி இல்லை, சேர்!" என்று பெருமையோடு சொன்னார் கொலின்ஸ். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அதாவது, நிக்கும் சேர். வழமையா முழங்காலளவு நிக்கும். இண்டைக்கு உங்கட மரியாதைக்காக நிக்கேல்லை."

ஷிராஸ் அதை நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். அன்ரோனெற்றின் கண்ணுக்கு முன்னால் திரேசம்மாவின் சோற்றுக் கரண்டி எழும்பி நின்றது.

அந்த நேரத்தில் இளநீர் தன் வேலையைத் தொடங்கியது. ஷிராஸ் கொலின்சின் காதருகே குனிந்து, "இங்க வோஷ்ரூம் ஒண்டு…" என்றார்.

"என்ர வீட்ட வாங்கோ, சேர்! ஒழுங்கை முடக்கில இருக்கு. டைல்ஸ் போட்டது!" கொலின்ஸ் கையைத் தூக்கினார். "பாண்ட் ஆக்கள் முன்னுக்கு நடவுங்கோ! சேர் பாத்ரூமுக்குப் போறார்!"

ஷிராஸின் முகம் மாலையிலிருந்த பூவைவிடச் சிவந்தது. அன்ரோனெற் ஒரு எட்டில் பக்கத்தில் வந்தாள்.

"சேர், எங்கட வீடு கிட்ட. பாண்ட் இல்லை."

அவர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். அவள் பெரிய வாளியாகப் பார்த்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். கதவு சாத்தப்பட்டது. சிறிது நேரத்தில் வாளி கவிழ்கிற சத்தம். அதற்குப் பிறகு, "யா அல்லாஹ்!"

வெளியே வந்தபோது சப்பாத்து இரண்டும் கையில் இருந்தன. காற்சட்டை முழங்கால்வரை மடித்திருந்தது.

"அக்கா, இது எத்தின நாளா இப்பிடி?"

"மழை துடங்கின நாளில இருந்து, சேர்."

"ஆனா ரோட்டு காஞ்சு கிடக்கே?"

"நேற்று முழுக்க இறைச்சவை. அந்த மணலைக் காலால ஒருக்காக் கிண்டிப் பாருங்கோ."

கிண்டினார். பெருவிரல் போன இடத்தில் தண்ணீர் ஊறி வந்தது. ஷிராஸ் அங்கேயே நின்று, சிலுவையடி ஒழுங்கைமேல் தடிப்பாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். ஒருதரம் போதாது என்று மறுபடியும் இழுத்தார். அதற்குள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த கொலின்ஸ், "நான் அப்பவே சொன்னனான்!" என்று கை தட்ட, பாண்ட் தானாகவே தொடங்கிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு மேலால் அன்ரோனெற் கேட்டாள்.

"எப்ப சேர் வெட்டுவியள்?"

"எதை?"

"கால்வாயை."

ஷிராஸ் நேர்மையான மனிதர். பேனாவைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார். "அக்கா, இது கால்வாய் வெட்ட வந்த காசு இல்ல. கால்வாயப் பத்தி யோசிக்க வந்த காசு."

"இப்ப யோசிச்சு முடிஞ்சுதோ?"

"ஆரம்ப யோசனை முடிஞ்ச மாதிரித்தான். இனி விரிவா யோசிக்கணும். அதுக்கு வேற நிதி கேக்கணும்."

வெள்ளிக்கிழமை மழை திரும்பவும் பிடித்தது. பம் மூன்றும் வந்த இடத்துக்கே போய்விட்டிருந்தன. வெள்ளை மணல் கரைந்து, அன்ரோனெற்றின் குசினி அடுப்புவரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொலின்ஸ் மறுபடி கதிரையில் ஏறினார். ஒழுங்கையின் நூற்றாண்டுக் கனவு நனவாகிவிட்டது என்றும், சிவப்புக் கோட்டின் முதலாம் ஆண்டு நிறைவை அடுத்த கார்த்திகையில் விமரிசையாகக் கொண்டாட வேண்டும் என்றும், இந்தக் கோட்டைக் கொண்டுவரப் பாடுபட்ட சகலருக்கும், குறிப்பாகச் சகோதரி அன்ரோனெற்றுக்கும் நன்றி என்றும் அறிவித்தார். எல்லோரும் அவளைத் திரும்பித் தேடினார்கள்.

அவள் தோட்டவெளியில், அக்கா வீட்டில் இருந்தாள்.