இரண்டாவது கோடு

பூரணி இருமியதால் ஆசிரியை கொரோனா கிட் கொடுத்து, வீட்டில் சோதித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். காலையில் அம்மாவே மூக்கில் குச்சியை விட்டுச் சோதித்தாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு சுலக்ஷனாவுக்கு இரண்டு கோடு வந்து கொரோனா உறுதியானது. அவளுடைய அம்மா ஏழு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் மகளோடு இருந்தாள். பூரணியின் அப்பா கொழும்பில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை வீட்டில் அவள் மட்டும்தான்.

பதினைந்து நிமிடம் கழிந்தது. ஒரு கோடுதான்.

“அப்பாடா, ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்குக் கெளம்பு.”

“இன்னும் கொஞ்சம் பாப்போமேம்மா.”

“ஏன்டி, சீக்கு வரலன்னு கவலையா ஒனக்கு?” அம்மா சிரித்தபடி கொழுந்து பறிக்கும்போது உடுத்தும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவள் பாதை வளைவில் மறையுமுன் பூரணி வாசலில் நின்று பலமாக இருமினாள். அம்மா திரும்பவில்லை.