காலி இருக்கைக்குப் பக்கத்துத் தோள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கடைவாய்ப் பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் ஓர் அச்சுப்படம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி எடுக்கும் வகை. அடியில் பென்சிலில் 1949. சாயங்கால சப்வே ரயில் பெட்டி, மூச்சுமுட்டும் கூட்டம். தொப்பிக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கை காலி.

முப்பது வருஷமாக நியூயார்க் ரயிலில் இடிபடுகிறேன். ஆபீஸ் விடும் நேரத்தில் காலி இருக்கையா? யாரிடம் கதை விடுகிறார்கள்!

அவருடைய ஒரு தோள் வேறு தாழ்ந்திருந்தது. அங்கே யாரோ இருந்திருக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: 'நவம்பர் மாலையில் நகரம் தன் களைத்த...'

(வேண்டாம். களைத்தது நகரம் இல்லை, ஆட்கள்.)

தொடக்கம் இரண்டு: பதினான்காம் தெருவில், இர்மா கெஸ்லரின் மூன்றாம் மாடிப் பட்டறைக்கு நோரீன் மூச்சிரைக்க ஏறிவந்தாள்.

இது நிற்கும். இர்மா ரயிலில் ஆட்களுக்குத் தெரியாமல் வரைந்துவந்து தகட்டில் கீறுகிறவள். நோரீன் தட்டச்சு வேலை செய்பவள், கல்யாணமானவள்.

"கீழ கடை ஜன்னல்ல மாட்டியிருக்கீங்களே, அதுல தூங்குறது நான்."

"நல்லாத்தானே இருக்கீங்க? தொறந்திருந்த வாயைக்கூட மூடித்தான் வரைஞ்சேன்."

"கிண்டலா? யார் தோள்ல சாஞ்சிருக்கேன்னு பாத்தீங்களா?"

"முன்னபின்ன தெரியாத ஆளு. இந்த ஊர்ல தினம் நடக்கிறதுதானே."

நோரீன் கல்யாண மோதிரத்தைத் திருகினாள். இர்மா மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓ. தெரிஞ்சவரா?"

"சனிக்கிழமை என் வீட்டுக்காரர் இந்தத் தெருவுக்குத்தான் முடிவெட்டிக்க வருவார். என்னை எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

(இர்மாவை நான் நம்பவில்லை. தினமும் ஆட்களைப் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? தூங்கி விழுகிறவர்களை அந்நியர்கள் நெளிந்து நகர்த்துவார்கள். இவர் தோளைத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறார்.)

3

கடைக்காரர் ஆர்டர் வாங்கிவிட்டதால் படத்தையே கைவிட முடியாது. இர்மா ஜன்னலில் இருந்ததை இறக்கினாள். தகட்டில் நோரீன் இருந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கி, அங்கே வெறும் இருக்கையைக் கீறினாள். சுரண்டுகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு: போகவேண்டிய ஆளை மட்டும்தான் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நோரீன் வந்தாள். புதுத் தாள் இன்னும் ஈரமாக இருந்தது.

"போயிட்டேனா?"

"போயிட்டீங்க."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நிம்மதி வரும் என்றுதான் எழுதிவந்தேன். வரவில்லை.

"இவர் இன்னும் எனக்குத் தோள் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கார்."

"அடடா, கோட்டை விட்டுட்டேனே! நிமித்திடட்டுமா?"

"தொடாதீங்க!" நோரீன் தாளுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "அவர் கிளீவ்லண்டுக்கு வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டார். நாங்க சேந்திருக்கிற படம் வேற ஒண்ணுகூட இல்ல."

இர்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "மறுபடி வரையலாம், ஆனா அது நீங்களா இருக்காதும்மா. பழைய அச்சு ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. கிழிச்சிடவா, எடுத்துக்கறீங்களா?"

4

முடிவு ஒன்று: கிழித்தார்கள். (எழுதினேன், அடித்தேன். மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: கணவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்து... (சண்டைக் காட்சி எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே விட்டேன்.)

முடிவு மூன்று: படத்தைச் சுருட்டி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

இதுதான் சரி. ஆனால் பிராங்க்ஸில் அவள் வீடு இரண்டே அறை. அலமாரியில் பாதி கணவருடையது. மெத்தைக்கு அடியில் வைக்கலாமென்றால், ஞாயிறுதோறும் அதைத் திருப்பிப்போடுகிறவர் அவர்தான். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. ஆபீஸ் மேஜைக்குப் பூட்டு கிடையாது. சிநேகிதியிடம் கொடுத்தால் அவள் விரித்துப் பார்க்காமல் இருப்பாளா?

எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. நோரீன் இப்போது தன் வீட்டு வாசலில் சுருளோடு நிற்கிறாள். உள்ளே அவர் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டே, "நோரீன், நீயா? கதவு தொறந்துதான் இருக்கு" என்கிறார்.

அவள் என்னைத்தான் பார்க்கிறாள். என்னிடம் இடம் இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள், அவர் வாசலுக்கு வருகிறார்.