பதினோரு மாசத் தாடி

"பதினோரு மாசமாச்சுங்களே! ஒங்க வீட்டம்மா என்ன யானையா சொமக்குறாங்க?" தங்கமுத்து சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே குரலை உயர்த்தினார்.

"வழிச்சு விடுய்யான்னா வழிச்சு விடு. கேள்வி என்ன கேள்வி?" நாற்காலியில் இருந்த அய்யாக்கண்ணுவின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"புள்ள பொறக்காமத் தாடிய எடுத்து, அங்கிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பாவம் என் தலையிலல்ல விழும்?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல சேதி அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

பதினோரு மாசத்துக்கு முன்னால், யுத்தம் தொடங்கிய வருசம். அன்னவாசலை விட்டுப் புதுக்கோட்டைக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்த அய்யாக்கண்ணு, பத்து நாள் தாடியோடு திருக்கோகர்ணத்தில் இந்தக் கடைக்குள் நுழைந்தான். தங்கமுத்துவின் அப்பா வைத்த கடை. ஊர், பேர், உறவு எல்லாம் விசாரிக்காமல் அங்கே யார் முகத்திலும் சோப்பு ஏறாது.

"தாடி எதுக்குங்க?"

கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்ன ஒரே வார்த்தைக்குப் பெண்டாட்டி அழகி குடுமியான்மலைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று புது ஊரில் சொல்ல முடியுமா? "வீட்டுல முழுகாம இருக்கு" என்று அளந்துவிட்டான்.

மனைவி மாசமாயிருந்தால் புருசன் சவரம் செய்யக் கூடாதே! தங்கமுத்து கத்தியை மடக்கி, வெற்றிலை கொடுத்து அனுப்பினார்.

வேறு கடையா இல்லை என்பீர்கள். இருந்தது. ஆனால் அங்கே, "மசக்கை விட்டுச்சாங்க?" என்று யார் கேட்பார்கள்? ஞாயிறுதோறும் சவரம் இல்லாமலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "புளிப்பு மாங்காதான் கேக்குது, சோறே எறங்கல" என்று சொல்லும் அந்த நேரத்துக்கு மட்டும், அவன் நினைப்பில் அழகி அவன் வீட்டில் இருந்தாள். குடுமியான்மலையிலிருந்து பஞ்சாயத்துக்கு இரண்டு தரம் ஆள் வந்தது. "அவளே வரட்டும்" என்று திருப்பி அனுப்பிய வீராதிவீரனும் இவன்தான்.

இன்றைக்குத்தான் வீம்பு இறங்கியது.

"அவ மாசமாவே இல்லய்யா! கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. மூஞ்சிய வழிச்சுக்கிட்டு, கால்ல விழுந்தாவது கூட்டியாரப் போறேன்."

பெஞ்சிலிருந்த வெற்றிலை வியாபாரி நாகராசு எழுந்து கிட்டே வந்தார்.

"தம்பி... குடுமியாமலைச் சந்தையில நாந்தான் ஒன் மாமனார்ட்ட, மருமகன் வீட்டுல விசேசமாம்லன்னு கேட்டேன். அழகிக்கு ஒண்ணுமில்ல, அப்ப டவுன்ல வேற ஒருத்தி இருக்கான்னு முடிவு கட்டிட்டாக. நானும் அப்புடித்தான் நெனச்சேன். பஞ்சாயத்துல ஒறவத் தீத்துவிட்டு, தை மாசம் கீரனூர்க்காரர் ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்துட்டாகளே!"

அய்யாக்கண்ணு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் தடவையாகத் தங்கமுத்து எதுவும் கேட்காமல் சோப்பைக் குழைத்தார். அத்தனை மெதுவாக அவர் யாருக்கும் வழித்ததில்லை.

அந்த மாதமே அய்யாக்கண்ணு தஞ்சாவூருக்குப் போய்விட்டான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அழகிக்குக் கீரனூரில் மறுவருசம் ஆண்பிள்ளை பிறந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் நாகராசு தஞ்சாவூர்ச் சந்தைக்குப் போனபோது, "கீரனூர்ல அழகி முழுகாம இருக்காம்" என்று வாய் சும்மா இராமல் அவனிடம் சொல்லிவைத்தார். அடுத்த தடவை போய்ப் பார்த்தால், அய்யாக்கண்ணு முகத்தில் நல்ல தாடி.