எட்டுச் சுற்று

முதலாளி சங்கரபாண்டியனே அந்தக் கணக்கு மெஷினைத் தொடமாட்டார். அச்சாபீஸில் செல்வலட்சுமியைப் பகைத்துக்கொண்டு யார் நிம்மதியாக இருக்க முடியும்? ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பதென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, உள்ளே எண் போட்ட சக்கரங்கள். கரண்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக அதில் 10600 என்று நிற்கிறது.

நிறுத்திவிட்டுப் போனவன் மாரிக்கண்ணன், அவள் புருஷன். பட்டாசு லேபிள் ஆர்டர். ஷீட்டுக்கு எட்டு லேபிள், 1325 ஷீட். ஒரு சுற்றுக்கு ஒரு 1325 கூடும்; எட்டுத் தடவை சுற்றி விடையைப் பார்த்தவன், "வந்து சாப்புடுதேன்" என்று லேபிள் கட்டோடு விஸ்வநத்தம் பட்டாசு ஆலைக்குப் போனான். போன இடத்தில் வெடிவிபத்து; ஆள் திரும்பவில்லை. கல்யாணமாகி ஏழு மாசம்தான். அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் அதைத் தினமும் துடைத்தாள். கைப்பிடியை மட்டும் அசைத்ததில்லை. அவன் கடைசியாகப் பிடித்ததல்லவா!

இப்போது முதலாளி மகள் ஹர்ஷினி வந்து நிற்கிறாள். நாளைக்குக் காலேஜில் கண்காட்சியாம்.

"ஒன்பதைத் தாண்டுனா இந்தச் சக்கரம் பக்கத்துச் சக்கரத்தை ஒண்ணு தள்ளும்மா. கம்ப்யூட்டர் கூட்டுறதும் இப்படித்தான். சக்கரத்துக்குப் பதிலா கரண்டு, அம்புட்டுத்தான். ஓட்டிக் காட்டணும்" என்றபடி, எண்ணை அழிக்கிற பிடியில் கை வைத்தாள்.

செல்வலட்சுமி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "ஒரே இழுப்புல அழிச்சுப்புடுவியா பாப்பா? அவுக விட்டுட்டுப் போனதுன்னு எனக்கு வேற என்ன இருக்கு?"

ஹர்ஷினியின் முகம் சுண்டிப்போயிற்று. "அழிக்கலம்மா. பின்னால சுத்துனா அவரு சுத்துனது ஒவ்வொண்ணாக் கழியும். வேணும்னா நீங்களே சுத்துங்க. இல்லன்னா விட்ருவோம்."

அவன் சுற்றியதையா? செல்வலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு சுற்று. 9275. இன்னொன்று. 7950. அவன் கைமேல் கை வைத்த மாதிரி இருந்தது; கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. ஏழாவது சுற்றில் 1325 வந்ததும் நிறுத்தினாள்.

"இது அவுக சுத்துன மொதச் சுத்து. இதையும் கழிச்சுட்டா, அவுக இன்னும் கெளம்பவே இல்லைல்ல பாப்பா?"



செல்வலட்சுமி சுற்றினாள். எல்லாம் பூஜ்யம். கைப்பிடியை விடாமலே, மாரிக்கண்ணன் உட்காரும் நாற்காலியை ஆசையோடு திரும்பிப் பார்த்தாள். அதில் பிரிண்டரை வைத்திருந்தார்கள்.