பசு திரும்பிப் போகவில்லை

அன்று மழை பெய்துகொண்டிருந்தது என்றுதான் என் நினைவு. உடன் இருந்தவர்கள் மழையே இல்லை என்கிறார்கள். மூன்று நாள் மழை முந்தின இரவோடு விட்டுவிட்டதாம், அன்று சுள்ளென்று வெயிலாம். என் சட்டை நனைந்திருந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது வியர்வையாகவும் இருந்திருக்கலாம். இவ்வளவு பெரிய விஷயத்திலேயே தடுமாறுகிறவன் மற்றதையெல்லாம் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

கழக்கூட்டம் என்ற ஊரில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தின் ஒரு பக்கத்து மண் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை, யாரோ ஈரச்சாக்கைக் கீழே போட்டது போலிருந்தது. அடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த நான்கு பேரில் மூன்று பேர் ஏறி வந்துவிட்டார்கள். பால்பாண்டி வரவில்லை.

மண்ணைத் தாங்க நிறுத்தியிருந்த இரண்டு இரும்புத் தகடுகள் பள்ளத்துச் சுவரோடு சாய்ந்து விழுந்திருந்தன. அவற்றின் அடியில் அவன் இருந்தான். மேலே மண். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளிருந்து, "கால அசைக்க முடியல" என்று அவன் குரல் வந்தது. முகம் தெரியவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்தார்கள். இயந்திரத்தை இறக்கினால் அதிர்வில் மிச்ச மண்ணும் விழும் என்று, கையால் அள்ளத் தொடங்கினார்கள். அவர்களுடைய அதிகாரி என்னிடம் வந்து மலையாளத்தில் சொன்னார்.

"ரெண்டு மணிக்கூர் ஆவும். அதுவரெ அயாள் உறங்கருது. ஆரெங்கிலும் சம்சாரிச்சோண்டிரிக்கணம்."

இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை அவன் தூங்கிவிடாதபடி யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பள்ளத்துக்குள் போட்டிருந்த ஒரு பலகையில் குப்புறப் படுத்து அந்த இடைவெளியில் வாயை வைத்தேன்.

"பால்பாண்டி, கேக்குதா?"

"கேக்கு சார்."

"பயப்படாதீங்க."

"சரி சார்."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கதைகள். நாள் முழுக்கப் பேசாமல் வாசித்துக்கொண்டே இருப்பேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. மண்ணுக்கடியில் ஒருவன் காத்திருந்தபோது அவற்றில் ஒரு வரிகூட என் நாக்குக்கு வரவில்லை.

"தள்ளும் சார்" என்று என் தோளைப் பிடித்து நகர்த்தினாள் சுடலைமாடத்தி.

அவள் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, சித்தாள் வேலைக்கு வந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வாள். பக்கத்து ஊர்க்காரனான பால்பாண்டி ஒரு கதையையும் ஒழுங்காக முடிக்கவிட மாட்டான். "நரி எந்தப் பள்ளிக்கூடத்துலக்கா பேசப் படிச்சுது?" என்பான். அவள் சோற்றுக் கையோடு அவனை அடிக்கப் போவாள்.

"எலே பாண்டி, கத சொல்லட்டா?"

"இப்பமாக்கா?"

"பொறவு எப்பம்? நீதான் எங்கயும் எந்திச்சு ஓட முடியாதுல்லா. உம் கொட்டணும். கொட்டலேன்னா நிப்பாட்டிருவேன்."

"ம்."

"ஒரு ஊர்ல ஒரு பசு."

"ம்."

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மேயப் போன பசு காட்டில் புலியிடம் மாட்டிக்கொள்கிறது. 'எம்புள்ள பசியோட நிக்கி, பால் குடுத்துட்டு வந்திருதேன்' என்று கெஞ்சுகிறது. புலி விடுகிறது. சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் ஒரு பக்கம் வரும், அடியில் தடித்த எழுத்தில் 'கொடுத்த வாக்கைக் காப்பாற்று' என்று நீதி இருக்கும். அதை அவள் நீட்டினாள். காட்டில் இருந்த ஒவ்வொரு மரத்தையும் சொன்னாள். பசுவின் கொம்பைச் சொன்னாள், கழுத்து மணியைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்து ஒரு "ம்" வந்தது.

வாளியில் மண்ணைக் கைமாற்றிக்கொண்டிருந்த அஸ்ஸாம் தொழிலாளர்களும் ஒரு வார்த்தை புரியாமலே "ம்" என்றார்கள். தீயணைப்பு வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அவனுடைய உம் மட்டும் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். உம் மெலிந்துகொண்டே வந்தது.

"பசு வீட்டுக்கு வந்துட்டுது. கன்னு ஓடி வருது."

பதில் இல்லை.

"எலே."

மண் அள்ளிய கைகள் நின்றன. சாலையில் பேருந்துகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதே குரலில் கதையைத் தொடர்ந்தாள்.

"பால குடுத்துட்டு, பசு கன்னுகிட்டயே படுத்துட்டுது. 'எவன் வந்து கேக்கப் போறான்? புலி கெடந்து சாவட்டும்'னு சொல்லிட்டுது. திரும்பிப் போவல."

நான் அவளைப் பார்த்தேன். பயத்தில் கதையை மறந்துவிட்டாள் என்றே எண்ணினேன்.

"அவ்வளவுதான் கத. பசு போவல."

பிறகு மண்ணுக்குள்ளிருந்து, "பொய்யி" என்று கேட்டது.

"என்னல பொய்யி?"

"மாடு போவும்."

"நீ பாத்தியோ? கூட நின்னு மேச்சியோ?"

"போவும்க்கா. வாக்கு குடுத்திருக்குல்லா."

"அப்பம் நீ சொல்லு மூதி. எனக்குத் தெரியல."

அவன் சொல்லத் தொடங்கினான். மூச்சு வாங்கி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. பசு தன் கன்றை அக்கா பசுவிடம் ஒப்படைத்தது. தங்கச்சி பசுவிடம் ஒப்படைத்தது. கன்று பின்னாலேயே வந்தது, பசு அதை விரட்டிவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டியது, ஓடையைத் தாண்டியது. இப்போது சுடலைமாடத்தி உம் கொட்டினாள். அவள் கன்னம் தகட்டில் ஒட்டியிருந்தது. கண்ணீர் மூக்கின் மேல் வழிந்து அந்த இடைவெளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. குரலில் அது துளியும் தெரியவில்லை.

"போற வழியில பயமா இருந்துச்சாலே அதுக்கு?"

"இருந்துச்சு. ஆனாலும் நடந்துச்சு."

அந்தக் கதையின் நீதியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றுவரை அது என்னை ஒன்றும் செய்ததில்லை. ஒருவன் இருட்டில் கிடந்தபடி, தன் உயிரைப் பற்றி ஒரு சொல் பேசாமல், ஒரு பசுவின் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பழியைச் சுமத்தியவள் அவனை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீரர் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பசு மலை ஏறிப் புலியின் குகைக்கு முன்னால் போய் நின்றபோது, அதிகாரியின் கை பால்பாண்டியின் தோளைத் தொட்டது.

"கிட்டிப்போயி!" என்று, ஆள் கிடைத்துவிட்டதை அவர் கத்திச் சொன்னார்.

தகட்டை நகர்த்தி அவனை வெளியே எடுக்க இன்னும் அரைமணி ஆனது. முகமெல்லாம் செம்மண். அவன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது சுடலைமாடத்தியை.

"கதையக் கெடுக்கியேக்கா" என்றான்.

"வாய மூடிட்டுப் படு" என்றாள் அவள்.

பால்பாண்டிக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நான்கு மாதம் படுத்திருந்தான். இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறான், சொந்த ஊரில் ஒரு செங்கல் சூளையில் காவல் வேலை. சுடலைமாடத்தி அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினாள். இப்போது விழிஞ்ஞத்தில் இருக்கிறாள். அந்த அதிகாரி கொல்லத்துக்கு மாறுதலாகிப் போனார். கட்டடம் முடிந்து ஆட்கள் குடியேறிவிட்டார்கள். மண் சரிந்ததற்கான வழக்கு இன்னும் நடக்கிறது, அதில் நானும் ஒரு சாட்சி. நான் ஸ்ரீவராகத்தில், அந்த மூன்று அலமாரிகள் உள்ள அதே வீட்டில்தான் இருக்கிறேன். வேலை மட்டும் வேறு இடத்தில்.