கண்ணாடிப் பெட்டிக்குள் கற்கள்

கோயில் கமிட்டித் தலைவர் சின்னராஜுக்கு வாய் சும்மா இருக்காது. சென்னை மியூசியத்தில் நடராஜர் சிலை முன்னால் நின்று, என்னவோ தானே வார்த்த மாதிரி அளந்துகொண்டிருந்தார். ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து வேனில் வந்த இருபது பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அவருடைய அத்தை அத்தாயி மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? காடு உழும்போது வழவழப்பான கல் அகப்பட்டால் பிள்ளையார் காலடியில் கொண்டுவந்து வைப்பது மலையில் வழக்கம். அப்படிச் சேர்ந்த கற்களை நாற்பது வருஷம் கழுவிப் பொட்டு வைத்தவள் அவள். போன வருஷம் கோயிலுக்கு டைல்ஸ் போட்டபோது சின்னராஜ் அத்தனையையும் பள்ளத்தில் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டார். கேட்டவளிடம், "பத்திரமான எடத்துல இருக்குதுங்க அத்தே" என்று கூசாமல் புளுகினார். அவள் நம்பவில்லை. அன்றோடு அவரிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

"சாமி, இங்க வா!"

அவள் குரல்தான். ஆள் நடமாட்டமே இல்லாத பக்கத்துக் கூடத்திலிருந்து வந்தது. சின்னராஜ் ஓடினார், பின்னாலேயே கூட்டமும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகக் கற்கள். கருப்பும் பச்சையுமாய், ஓரம் பிளேடு போல் தேய்த்த கற்கோடாரிகள். 'சேர்வராயன் மலை, புதிய கற்காலம்' என்று எழுதியிருந்தது. எவனோ உட்கார்ந்து மாசக்கணக்கில் இழைத்திருக்கிறான். என்ன அழகு! இதே மாதிரிக் கற்களைத்தானே கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார், ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்தாரா? அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அத்தாயி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, நம்ம கல்ல இங்கயா குடுத்து வெச்சிருக்கற? சொல்லப்படாதா? உன்னய நொம்பத் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்க." மகன் வயதுக்காரனை ஊரார் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அத்தே, அது வந்துங்க..." என்று தொடங்கினார். அதற்குள் கூட்டம் கைதட்டியது.

"ஆமாங்க அத்தே" என்றது அந்தப் பாழாய்ப்போன வாய்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எங்கூட்டுக்காரரு எடுத்தாந்த கல்லு எதுன்னு காட்டு சாமி."

சின்னராஜுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. விரலை நீட்டி ஏதோ ஒரு கல்லைக் காட்டினார்.

அத்தாயி அந்த இடத்தில் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வேன் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள்.